சுருக்குக

அந்தப் பிள்ளை எனக்குச் செய்துகொடுத்த முதல் வேலையே என் மானத்தை வாங்கிவிட்டது.

அப்போது நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில், ஓ.எல். எனப்படும் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குத் தனியார் வகுப்பு. என் கையெழுத்தை அடுத்த நாள் என்னாலேயே வாசிக்க முடியாது. அதனால் வகுப்பில் கொடுக்கும் பயிற்சித் தாள்களை எல்லாம் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் ஒரு சந்துக்குள் இருந்த தட்டச்சுக் கடையில்தான் அடிக்கக் கொடுப்பேன். இரண்டு கணினி, ஒரு போட்டோப்பிரதி இயந்திரம், ஒரு காற்றாடி. முதலாளி அக்குறணை ஹாஜியார். தமிழ் அடிப்பதற்கு ஒரேயொரு ஆள், அவள். கலஹாப் பக்கத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும்.

நான் முதன்முதலாகக் கொடுத்தது சுட்டிகள், அதாவது எண்ணின் அடுக்குகள், பற்றிய இருபது கணக்குகள். மறைச் சுட்டி, பின்னச் சுட்டி இரண்டும் கலந்தவை. முதற்கணக்கு, பதினாறின் தலைக்கு மேலே மறை நான்கில் மூன்று. இரண்டாவது, இருபத்தேழின் தலைக்கு மேலே மறை மூன்றில் இரண்டு. இப்படியே போகும். அடித்து முடித்த தாள்கட்டை வாங்கிக்கொண்டு பிரித்தும் பாராமல் வகுப்புக்கு ஓடினேன். தாள்களைப் பகிர்ந்தேன். வகுப்பு வழமைக்கு மாறாக அமைதியாக இருந்தது. பிறகு பின்வரிசை வாங்கிலில் யாரோ சிரித்தார்கள்.

முன்னாலிருந்த ஒரு பெண்பிள்ளை எழும்பி, "சேர், இதில என்ன செய்யோணும்?" என்று கேட்டாள்.

வாங்கிப் பார்த்தேன். "1. சுருக்குக: 1/8." "2. சுருக்குக: 1/9." இருபது கேள்விகளும் அப்படியே. கேள்வி இருக்கவேண்டிய இடத்தில் விடை உட்கார்ந்திருந்தது. ஒருவன் இருபதுக்கும் கீழே "சுருக்க முடியாது" என்று அழகாக எழுதிக்கொடுத்து, முழுப் புள்ளியும் கேட்டான். கொடுக்கத்தான் வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் நேரே கடைக்குப் போனேன்.

"என்ன பிள்ளை இது? கேள்வியள் எங்க?"

அவள் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "சுருக்குகன்னு போட்டிருந்தீங்க சேர். சுருக்கிட்டேன்."

"அது பிள்ளையளுக்கு!"

"யாருக்குன்னு போடலியே."

ஹாஜியார் கல்லாவுக்குள் தலையைக் குனித்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்தார். அவருடைய தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது.

"இல்லீங்க சேர்," என்று அவள் கொஞ்சம் இறங்கிவந்தாள். "அந்தப் பதினாறு தலையில மைனஸ ஏத்தணும். அது பக்கத்துல பின்னம். பின்னத்துக்கு நடுவுல கோடு. ஒண்ணை ஏத்துனா இன்னொண்ணு கீழ விழுந்துருது. ஒரு கணக்குக்குப் பதினோரு தடவ கிளிக் பண்ணணும். எட்டில் ஒண்ணுன்னா மூணு தடவ போதும்."

அன்று வீட்டில் இருபதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. பத்தொன்பதாவது கணக்கு, என் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுகிற கணக்கு. அதுவும் சரி. அடுத்த கிழமை போனபோது, "ஓ.எல்.லில கணிதம் என்ன எடுத்தனீர்?" என்று விசாரித்தேன்.

"பெயில் சேர்," என்றாள். பஸ் நம்பர் சொல்வதுபோல்.

எனக்கு முன்னால் வேறு ஓர் ஆசிரியர் ஆறு வருடமாக அந்தக் கடையில்தான் அடிப்பித்திருக்கிறார். கேள்வித்தாளையும் விடைத்தாளையும் அடித்தது இவள்தான். "அடிச்சு அடிச்சுப் பாத்தா எல்லாம் ஒரே மாதிரிதான் போகுது சேர். மைனஸ் இருந்தா ஆளைக் கோட்டுக்குக் கீழ எறக்கிறணும். பின்னத்துல கீழ உள்ளது மூலம், மேல உள்ளது அத்தன தடவ பெருக்கு. அவ்வளவுதானே?" நான் மூன்று கிழமை எடுத்துப் படிப்பிக்கிற பாடம் அது. கணக்கில் x, y என்று எழுத்துக்கள் வந்தால் எல்லாவற்றுக்கும் ரெண்டைப் போட்டுப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் அடிப்பாள். வராவிட்டால் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு உரியவரைப் பார்ப்பாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது.

கணக்கோடு நின்றால் பரவாயில்லை. எது கையில் கிடைத்தாலும் அவளுக்குச் சுருக்கவேண்டும். கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு பெரியவர் மகளின் கல்யாண அழைப்பிதழை அடிக்க வந்தார். மாமா, சித்தப்பா, பெரியப்பா, ஓய்வுபெற்ற அதிபர், ஓய்வுபெறாத தபாலதிபர் என்று பதினான்கு பேர் பட்டியல்.

"இதுல யாராச்சும் ஒருத்தர விட்டா கல்யாணம் நின்னுருமாங்க ஐயா?" என்று கேட்டாள்.

பெரியவர் கோபப்படப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் பட்டியலை வாங்கி, பேனாவால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு, நெடுநேரம் யோசித்தார். "இந்த ரெண்டு பேரை விட்டா நிக்கும்," என்றார்.

அந்த இரண்டு பேரோடு அழைப்பிதழ் அச்சாகியது. மற்றப் பன்னிரண்டு பேரும் அந்த வீட்டோடு எத்தனை காலம் பேசாமல் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியவர் இரண்டாவது மகளின் அழைப்பிதழுக்கும் அவளிடம்தான் வந்தார். இந்தமுறை பட்டியலே கொண்டுவரவில்லை.

தெல்தோட்டையிலிருந்து ஒரு அம்மா ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோருக்கு மூன்று பக்க மனுவோடு வந்தாள். ஆண்டவன் கிருபை, பெரியோர் கருணை, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அதில் இருந்தன. இவள் வாசித்துவிட்டு ஒரு வரி அடித்தாள்: "எங்கள் வீட்டு வாசலில் எட்டு மாதமாகக் கரண்டுக் கம்பம் நிற்கிறது, கம்பி வரவில்லை." அந்த அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது ஒரு வரிக்கா? "கீழ ஒரு 'தயவுசெய்து'வாவது போடு தாயி," என்று கெஞ்சினாள். போட்டாள். இரண்டு கிழமையில் கம்பி வந்துவிட்டதாம். அந்த அம்மா ஒரு பை நிறைய அவரைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதை நான் கண்டேன்.

வாடிக்கையாளரில் பாதிப்பேர் அவளைத் திட்டுவார்கள். திட்டியவர்கள் அடுத்த வேலைக்கும் அவளிடமே வருவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் நான் கணித ஆசிரியர் அல்லவா, எனக்குள்ளே ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. பெயிலான பிள்ளை என் தாளைத் திருத்துவதா?

அந்த வருடம் பரீட்சைக்கு முன்னால் ஒரு பெரிய கருத்தரங்கு ஏற்பாடு செய்தேன். நகரத்தில் ஒரு மண்டபம் எடுத்து, நூற்றைம்பது பிள்ளைகள், பின்னால் பெற்றோர். மாதிரி வினாத்தாளும் விடைகளும் சேர்த்து ஒரு சிறு புத்தகம். விடைகளை நான் எழுதியது பேராதனையிலிருந்து வரும் பஸ்ஸில், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பதினாறாவது கணக்கு (x⁻¹ + y⁻¹)⁻¹. உள்ளே மறை ஒன்று, வெளியே மறை ஒன்று, பெருக்கினால் நேர் ஒன்று, ஆகவே விடை x + y என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன். நடுவில் பெருக்கல் இருந்தால் அது சரி. கூட்டல் இருந்தால் மகா பிழை. "இந்தக் குழியில விழாதேயுங்கோ" என்று வருடாவருடம் பிள்ளைகளுக்குக் கத்துகிற பிழை. பஸ் கெட்டம்பே வளைவில் ஆடிய ஆட்டத்தில் நானே விழுந்திருக்கிறேன், தெரியாமல்.

அச்சான புத்தகத்தை எடுக்கப் போன அன்று அவள், "சேர், அந்தப் பதினாறாவதுல..." என்று தொடங்கினாள்.

எனக்கு நேரமில்லை. "பிள்ளை, நான் எழுதினதை மட்டும் அடிச்சாப் போதும். கணக்கு நான் பாப்பன்," என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

சனிக்கிழமை கருத்தரங்கு அமோகமாகப் போனது. ஹாஜியார் தானே வந்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தின் பின்னட்டையில் அவருடைய கடையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பதினாறாவது கணக்குக்கு வந்தபோது புத்தகத்தைப் பார்த்தேன். விடை xy/(x + y) என்று அடித்திருந்தது. நான் எழுதியது இதுவல்ல. எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது.

"பிள்ளையள், இதொரு அச்சுப்பிழை. வெட்டிப்போட்டு x + y எண்டு எழுதுங்கோ," என்றேன். நூற்றைம்பது பேனாக்கள் ஒன்றாக வெட்டின. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சபையைச் சிரிக்கவைக்கும் ஆசை. "அடிச்ச பிள்ளை கணிதத்தில பெயில். மன்னிச்சு விடுவம்," என்றேன்.

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. பெற்றோரும் சிரித்தார்கள். அப்போதுதான் வாசலில் ஹாஜியாரின் மேசைக்குப் பின்னால் அவள் நிற்பதைக் கண்டேன். கையில் விநியோகித்து மிஞ்சிய புத்தகக் கட்டு. அதை மேசையில் வைத்து, ஓரங்களைத் தட்டி ஒழுங்காக்கிவிட்டு, வெளியே போனாள்.

அன்று பின்னேரம் வீட்டில் தேத்தண்ணியோடு உட்கார்ந்தேன். அவள் பிழை என்பதை எனக்கு நானே நிரூபிக்கவேண்டும்போல் இருந்தது. அதையும் அவளுடைய வழியிலேயே நிரூபித்தால் இன்னும் நல்லது. x-க்கு ரெண்டு, y-க்கு ரெண்டு. அரையும் அரையும் ஒன்று; ஒன்றைப் புரட்டினாலும் ஒன்று. என் விடை நாலு. அவள் விடை ஒன்று.

மூன்றும் ஆறும் போட்டேன். ஒன்பது வரவேண்டும் என்று மனதுக்குள் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு போட்டேன். ரெண்டு வந்தது. அவளுடைய விடையிலும் ரெண்டு வந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது. மேசையில் நூற்றைம்பது பிள்ளைகளின் பெயர்ப்பட்டியல் கிடந்தது. கணிதப் பரீட்சைக்கு நான்கு நாள்.

ஞாயிறு காலை கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன். அவளுடைய கதிரை காலி.

"நான்தான் கொஞ்ச நாளைக்கு வர வாணாம்டு சொன்ன," என்றார் ஹாஜியார். "நேத்து எத்தன பேர் கேட்டுட்டாங்க தெரியுமா சேர்? உங்கட கடையில பெயிலான புள்ளைகள வெச்சா அடிக்கிறீங்கண்டு."

"ஹாஜியார், அவ அடிச்சது சரி. நான்தான் பிழை."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அப்ப அந்தப் புள்ள சரி. நீங்க பிழை. உங்கட பேச்சக் கேட்டு அந்தப் புள்ளய வீட்டுக்கு அனுப்பின நான் மடையன். இதயெல்லாம் சேத்துச் சுருக்கினா என்ன சேர் வரும்?"

நான் அவளுடைய இலக்கத்தை வாங்கி அழைத்தேன். அவளுடைய தொலைபேசி வேலை செய்யவில்லை. "போய்க் கூட்டிட்டு வாங்க," என்று ஹாஜியார் ஒரு துண்டில் தோட்டத்தின் பெயரை எழுதித் தந்தார்.

கலஹா வரை பஸ். அங்கிருந்து ஓட்டோ. ஓட்டோ ஏறமாட்டேன் என்ற இடத்திலிருந்து மழையில் நடை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அவளுடைய அம்மா, குடையும் கையில் காகிதங்களுமாக வந்த என்னை ஏதோ கணக்கெடுப்புக்கு வந்தவர் என்று நினைத்து, வீட்டிலிருந்த எல்லோருடைய அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் கொண்டுவந்து நீட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஒரு தடுப்பூசி அட்டையும் வந்தது. அதற்குள் அவள் வெளியே வந்தாள்.

"வாங்க சேர். உட்காருங்க."

நான் வழி முழுக்க ஒரு மன்னிப்பைத் தயார்செய்து வைத்திருந்தேன். அந்தக் கிழமை எனக்கிருந்த வேலைப்பளுவில் தொடங்கி, பஸ்ஸின் ஆட்டம், கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் உள்ள வித்தியாசம், பெரிய பெரிய ஆட்களும் இதில் தவறியிருக்கக்கூடும் என்று போய்க்கொண்டிருந்தது. கெட்டம்பே வளைவுக்கு வந்தபோது அவள் இடைமறித்தாள்.

"சேர், நாலரைக்கு பஸ். அதை விட்டா ஆறு மணிக்குத்தான்."

நான் விழுங்கிக்கொண்டேன். "பிழை என்ர," என்றேன்.

"சரிங்க சேர்."

அம்மா வெறுந்தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். கூரையில் மழைச் சத்தம். அவள் ஒரு கோப்பையை என் பக்கம் தள்ளிவைத்தாள். "அச்சுப்பிழைன்னு சொன்னதுகூடப் பரவால்ல சேர். பெயில்னு சொன்னீங்கள்ல, அது உண்மைதான். அதை நீங்க அங்க சொல்லியிருக்க வேணாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

"பிள்ளைங்களுக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. கருத்தரங்குப் பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப ஒரு செய்தி எழுதி வைத்திருந்தேன். துணிவு வரவில்லை. தொலைபேசியைக் கொடுத்தேன். "அன்புள்ள மாணவச் செல்வங்களே" என்று தொடங்கும் செய்தி, திரையில் மூன்று முறை உருட்ட வேண்டியிருக்கும். அவள் பெருவிரலால் அழித்துக்கொண்டே போனாள். "தவிர்க்கமுடியாத காரணங்களால்" போனது. "எதிர்பாராத விதமாக" போனது. "சிறு" என்ற சொல்லில் ஒரு கணம் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, அதையும் அழித்தாள். மிஞ்சியது இது: "16ஆம் கணக்கு: புத்தகத்தில் உள்ள விடையே சரி. நான் மேடையில் சொன்னது பிழை."

நான் வாங்கி, "அடித்தவரே சரி" என்று சேர்த்தேன். அவள் வாங்கி அழித்தாள். நான் மறுபடி சேர்த்தேன். "அது கணக்குக்குத் தேவையில்ல சேர்," என்றாள். "எனக்குத் தேவை," என்று சொல்லி, அவள் கை நீட்டுவதற்குள் அனுப்பிவிட்டேன். அவளோடு நான் வென்ற ஒரே இடம் அதுதான். முதலாவது பதில் ஒரு தாயிடமிருந்து வந்தது: "அந்த அக்காவுக்கு எங்கட நன்றியைச் சொல்லுங்கோ." எனக்கு ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். ஹாஜியார் வாசலில் நின்று, "வாங்க புள்ள, வாங்க," என்று மாப்பிள்ளையை வரவேற்பதுபோல் வரவேற்றாராம். பரீட்சைத்தாளில் சுட்டியில் வேறு ஒரு கணக்கு வந்தது. பிள்ளைகள் தப்பினார்கள். நான் தப்பினேன் என்று சொல்ல முடியாது. அந்தப் 'பெயில்' என்ற சொல் எனக்குள் கிடந்து உறுத்தியது. ஓ.எல். கணிதத்தை மறுபடி எழுத, தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கச் சொல்லி அவளை நச்சரித்தேன். "அதுக்கு லீவு போடணும் சேர்," என்று தட்டிக்கழித்தாள். கடைசியில் ஹாஜியார்தான் விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுவந்து அவளுடைய மேசையில் வைத்து, "இத நிரப்பாட்டி இனி வேல இல்ல," என்றார்.

நான் அவளுக்கு எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேத்திரகணிதம் மட்டும்தான் அவளுக்கு ஒத்துவராது. முக்கோணிகள் ஒருங்கிசைவதை நிறுவ ஏன் ஆறு வரி வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவேயில்லை. "பாத்தாலே தெரியுதே சேர்?"

பெறுபேறு வந்த அன்று நானும் ஹாஜியாரும் கணினியின் முன்னால் குனிந்து நின்றோம். கணிதம்: C.

"C-யா?" என்று நான் கத்திவிட்டேன். "நீர் A எல்லோ எடுத்திருக்கோணும்! என்ன செய்தனீர்?"

விசாரித்துப் பார்த்ததில் விஷயம் வெளிவந்தது. எல்லாக் கணக்குக்கும் விடையை மட்டும் எழுதியிருக்கிறாள். படிமுறை ஒரு வரியும் இல்லை. மூன்று மணித்தியாலப் பரீட்சையில் ஒன்றேகால் மணித்தியாலத்தில் எழும்பி வந்திருக்கிறாள். படிமுறைக்குத்தான் பாதிப்புள்ளி என்று எட்டு வருடமாக விடைத்தாள்களின் தலையில் அடித்தவளே அவள்தான்.

"பாஸ்தானே சேர்?" என்றாள்.

"பாஸ்தான். ஆனா..."

"போதும் சேர்."

அந்தச் சான்றிதழோடு நுவரெலியாப் பக்கம் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். மூன்று பேர் உட்கார்ந்து, "உங்களப் பத்திச் சொல்லுங்க," என்றிருக்கிறார்கள். "தமிழ், இங்கிலீசு ரெண்டும் அடிப்பேன். பிழை விடமாட்டேன்," என்று சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். அவர்கள் மிச்சம் வரும் என்று காத்திருந்தார்கள். இவள் அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேலை கிடைத்துவிட்டது. ஹாஜியார் இந்தக் கதையைக் கடைக்கு வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி, போட்டோப்பிரதி எடுக்க வந்தவர்கள் எடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

அவள் கடையை விட்டுப் போன அன்று நான் தற்செயலாக பஸ் நிலையத்தில் சந்தித்தேன். கையில் ஹாஜியார் கொடுத்த வட்டிலப்ப இனிப்புப் பெட்டி. பஸ் வரும்வரை பேச ஏதாவது வேண்டுமே என்று, "உண்மையில ஓ.எல்.லில என்ன நடந்தது?" என்று கேட்டேன். ஒரு வரியில் பதில் வரும், நானும் போய்விடலாம் என்று நினைத்தேன்.

அவள் படித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லையாம். கணிதப் பாடவேளையில் மற்றப் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பாம். அங்கே தொடங்கினாள். அந்த வகுப்பில் இருந்த பதினொரு பேர், அவர்கள் ஒவ்வொருவரும் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஒருத்தி கட்டாரிலிருந்து அனுப்பிய படம், பரீட்சை அன்று வினாத்தாளைத் திறந்ததும் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தது, வெளியே வந்து சிரித்தது, ஏன் சிரித்தோம் என்று இன்றுவரை தெரியாதது. கலஹா பஸ் வந்தது. அவள் பேசிக்கொண்டிருந்தாள். பஸ் போனது. அடுத்ததும் வந்து போனது. ஒரு சொல்லைக்கூட எடுத்து வெளியே போடமுடியாத மாதிரி அவள் சொல்லிக்கொண்டு போனாள்.

மூன்றாவது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "ரொம்பப் பேசிட்டேன் சேர்," என்றாள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.